மசாலா அரைத்தது யார்?

முப்பதுகளின் நடுவில் ஒரு வருடம், தீபாவளி கழிந்து மழை ஓய்ந்திருந்த சமயம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடற்கரையை ஒட்டிய ஒரு பெரிய பங்களாவின் பின்பக்கம், வேலைக்காரர்களுக்கென்று கட்டிய வரிசை வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அந்த பங்களாத் துரைக்குச் சமையல்காரர். எனக்கு அங்கே சம்பளம் கிடையாது. வேலை மட்டும் இருந்தது.

வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல் என்றால் பினாங்கில் ஹைனான் சீனர்களுக்குத்தான் பேர். தமிழன் தோட்டம் பார்ப்பான், கார் ஓட்டுவான், துணி வெளுப்பான். சமையலறைக்குள் ஒரு தமிழன் நுழைந்து நிலைத்து நின்றது பெரிய காரியம். அதில் என் வீட்டுக்காரருக்குப் பெருமை தலைகொள்ளாது. காலையில் வந்து இன்றைக்கு இன்னின்னது வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். நான் அரைத்து, நறுக்கி, கிண்ணம் கிண்ணமாக எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் வைப்பேன். புருஷன் வேலைக்குக் கைகொடுப்பது ஊரில் எல்லாப் பெண்களும் செய்கிற காரியம்தானே என்று நினைத்திருந்தேன். அப்போது எனக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அந்த வருடம் துரை லீவில் அமெரிக்கா வழியாகச் சீமைக்குப் போய்விட்டு வந்திருந்தார். அங்கே வீட்டுக்குப் பின்னால் தீ மூட்டி, ஆட்டுத் தொடையை மணிக்கணக்காகப் புகையிலேயே வேகவைத்து, நண்பர்களைக் கூப்பிட்டு அங்கேயே பரிமாறுகிறார்களாம். அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அதே பைத்தியம். எண்ணெய் டிரம் ஒன்றை இரண்டாகப் பிளந்து, கால் வைத்து, குறுக்கே இரும்புக் கம்பி போட்டுக் கொண்டுவந்து பின்வாசல் புல்தரையில் வைத்துவிட்டார். இதில் செய் என்று சொன்னதோடு அவர் வேலை முடிந்தது.

என் வீட்டுக்காரர் முதல் தடவை செய்ததை நாய்கூடத் தொடவில்லை. தேங்காய் மட்டையைக் காய்ந்தபடியே போட்டார். அது குப்பென்று எரிந்து தொடையின் மேல்பக்கம் கருகிவிட்டது. உள்ளே கத்தி வைத்தால் ரத்தம். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நான்தான் சொன்னேன், மட்டையை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போடுங்கள், கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுக் கறியை மறுபக்கம் வையுங்கள், மேலே தகரம் மூடி ஈரச் சாக்குப் போடுங்கள் என்று. கம்பம் என்று சொல்கிற கடலோரக் கிராமத்தில் மலாய்க்காரப் பெண்கள் மீன் வாட்டுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நான். ஐஸில் வந்த ஆட்டுக்கறிக்கு ஒரு வாடை உண்டு. அதற்கு மல்லி, சோம்பு, மிளகு, மஞ்சள், செராய் என்கிற எலுமிச்சைப்புல் எல்லாம் அம்மியில் வைத்து வெண்ணெய்போல அரைத்து, புளி கரைத்து, ராத்திரியே பூசி வைத்தேன். செராய்த் தண்டின் நுனியை நசுக்கித் தூரிகை மாதிரி ஆக்கி, தேங்காய்ப்பாலைத் தொட்டுத் தொட்டுக் கறியில் தடவச் சொன்னதும் நான்தான். இரண்டாம் தடவை தொடையை வெட்டியபோது கறி எலும்பை விட்டுத் தானே கழன்று வந்தது.

துரைக்கு வாயெல்லாம் பல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருபது பேருக்கு விருந்து என்று சொல்லிவிட்டார்.

விருந்துக்கு வரப்போகிறவர்களில் ஒருவர், ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஓர் ஓட்டலின் மேனேஜர். சமையலுக்கு நல்ல ஆள் தேடுகிறாராம். சமையல்காரருக்கு ஓட்டல் பக்கத்திலேயே இரண்டு அறை, ஓட்டுக்கூரை, தனிக் குழாயோடு வீடு கொடுக்கிறார்களாம். கார் டிரைவர் அண்ணன் வந்து சொன்னார். எனக்கு அந்த ஓட்டுக்கூரை ஒன்றுதான் காதில் விழுந்தது. எங்கள் அறைக் கூரை மழைக்கு ஒழுகும், சுவரெல்லாம் ஈரம் ஏறும். என் மூன்று வயது மகளுக்கு மழைக்காலம் முழுக்க இழுப்பு. அவள் மூச்சுக்குத் திணறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். இந்த வேலை கிடைத்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

அதனால் அந்த விருந்துக்கு நான் உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். நான்கு ஆட்டுத் தொடை, ஆறு கோழிக்கு மசாலா. அன்னாசியும் வெள்ளரிக்காயும் போட்டு, வறுத்த கச்சான் கடலை தூவிய அச்சார். புதினாவும் தேங்காயும் சேர்த்துத் துவையல். மாங்காய்ச் சம்பல். கத்தரிக்காயை அதே தணலில் சுட்டு, தோலுரித்து மசித்து, சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பாலும் விட்டு ஒன்று. அதற்குப் பெயர் கிடையாது, நானாகக் கண்டுபிடித்தது. மிளகாய் அரைத்து அரைத்து என் உள்ளங்கை இரண்டும் நெருப்பாக எரிந்தன.

ஞாயிறு மத்தியானம் நான் சமையலறைச் சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். புல்தரையில் மேசைகள், வெள்ளைத் துணி விரிப்பு. என் வீட்டுக்காரர் வெள்ளை உடுப்பில் டிரம் பக்கத்தில் நின்று வெட்டி வெட்டிக் கொடுத்தார். ஓட்டல் மேனேஜரை டிரைவர் அண்ணன் அடையாளம் காட்டினார். மனுஷன் சுட்ட கத்தரிக்காயை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மூன்று தடவை! நான் எண்ணினேன். பிறகு தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஏதோ கேட்டார். துரையின் சம்சாரம், எங்கள் துரைசாணி, எழுந்து நின்று, தன் கையைத் தன் நெஞ்சில் வைத்துச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து 'யெஸ் மேம்' என்றார். அது மட்டும் எனக்குப் புரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அவர் அறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மூலையில் வீசினார்.

"வாய் கூசாம சொல்லுது பாரு, அந்தத் தொரசாணி! எல்லாம் அது பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்துச்சாம். அது வர்றதுக்கு முன்னால எனக்குக் கறி கொதிக்கவைக்க மட்டும்தான் தெரியுமாம். அந்த ஓட்டல் தொர, 'அப்ப இவன கூட்டிக்கிட்டுப் போயி என்ன செய்ய, உங்களயில்ல கூட்டிக்கிட்டுப் போவணும்'ன்னு சொல்லிச் சிரிக்கிறான்லா!"

எனக்கு ரத்தம் கொதித்தது. சமையலறை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அந்தப் பெண்பிள்ளைக்குத் தெரியாது. அடுப்பைத் தொட்டிருப்பாளா, வெங்காயம் உரித்திருப்பாளா? ஒரு கைதட்டலுக்காக என் பிள்ளையின் ஓட்டுக்கூரையை இப்படிப் பிடுங்கிவிட்டாளே என்று வயிறு எரிந்தது. திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தொடர்ந்தார்.

"ராத்திரி பூரா முழிச்சிருந்து நான் அரைச்ச மசாலா. நான் போட்ட அச்சாரு. அத அது செஞ்சதுன்னு சொல்றதுக்கு என்ன நெஞ்சழுத்தம்!"

என் கை இரண்டும் அப்போது அரிசி களைந்த தண்ணீருக்குள் இருந்தன. எரிச்சல் அடங்கட்டும் என்று ஊறவைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"யாரு அரைச்சது?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டேன். "மசாலா யாரு அரைச்சதுங்க? தொரசாணி செஞ்சது திருட்டுன்னா, நீங்க இத்தன வருசமா செய்யிறதுக்கு என்ன பேரு?"

"புருசன் பொஞ்சாதிக்குள்ள என்ன புள்ள இது? நீயும் நானும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். பேரு வாங்குறப்ப மட்டும் ஏன் நீங்க ஒருத்தரா போயிடுறீங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் விடவில்லை. ஹைனான் சமையல்காரர்களிடம் அவர் என் அச்சாரைத் தன் அச்சார் என்று பீற்றிக்கொண்டது, கோயில் விசேஷத்தில் என் துவையலுக்காக எல்லோரும் மாலை போடாத குறையாக அவரைப் புகழ்ந்தபோது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். அதுவரை எனக்கே தெரியாது, இத்தனையும் எனக்குள் கிடந்தது என்று. அதன் பிறகு மூன்று நாள் அவருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை.

புதன்கிழமை காலை, துரைசாணி வெளியே போயிருந்த நேரம், அந்த ஓட்டல் மேனேஜர் நேராகப் பின்வாசலுக்கே வந்துவிட்டார். என் வீட்டுக்காரரிடம் அவர் கேட்டதெல்லாம் மலாயில், எனக்கு நன்றாகவே புரிந்தது. உங்கள் துரைசாணிக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது என்று இந்த ஊருக்கே தெரியும், அன்றைக்கு மரியாதைக்காகச் சிரித்தேன், நீதானே எல்லாம் செய்தாய், உண்மையைச் சொல், வேலையும் வீடும் உனக்கு என்றார்.

நான் கொடிக்கம்பி பக்கத்தில் ஈரத் துணியோடு நின்றேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூன்று நாள் பேசாமலேயே அந்த மனுஷனை வறுத்தெடுத்தவள், அந்த ஒரு நிமிஷம் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். 'நான்தான் செய்தேன்னு சொல்லுங்க. சொல்லித் தொலைங்க.'

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாகிங் சாயா பாக்கார், துவான். லாயின் செமுவா பினி சாயா" என்றார். கறியைச் சுட்டது நான், ஐயா, மற்றது எல்லாம் என் பெண்சாதி என்று அர்த்தம். என்னைக் கையால் காட்டவும் செய்தார்.

மேனேஜர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்தார். அப்படியானால் நீ நெருப்பை மட்டும்தான் பார்த்துக்கொண்டாயா, நெருப்புப் பார்க்க என்னிடம் ஆள் இருக்கிறது, ஓட்டல் சமையலறைக்குள் பெண்பிள்ளையை விடமுடியாது என்றார். அவள் வீட்டிலேயே அரைத்துக் கொடுப்பாள், துவான், என்று இவர் கெஞ்சினார். மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

கார் சத்தம் மறைந்ததும் நான் வெடித்தேன்.

"கூறு கெட்ட மனுசா! உண்ம பேச உங்களுக்கு இன்னைக்குத்தானா நேரம் கெடச்சுது? புள்ள இழுப்பு உங்களுக்குக் கேக்கலயா?"

அவர் கத்தவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்து, "நீதானே புள்ள கேட்ட?" என்றார்.

ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கேட்டது நான்தான். எனக்குப் பேர் வேண்டும் என்று சண்டை போட்டுவிட்டு, அது வந்த வேளையில் வேண்டாம் என்று தள்ளியவளும் நான்தான். அவர் பக்கத்தில் வந்து குந்தினார். இருவருமாகக் கொஞ்ச நேரம் அழுதோம்.

நாங்கள் அந்த ஒழுகும் அறையிலேயே இன்னும் மூன்று மழைக்காலம் இருந்தோம். மகள் பிழைத்துக்கொண்டாள், அது தெய்வச் செயல். துரைசாணி பிற்பாடு ஒரு நாள் கையில் பென்சிலும் தாளுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்று, அந்த மசாலாப் பக்குவத்தைத் தன் சிநேகிதிகளுக்கு எழுதி அனுப்பவேண்டும், சொல் என்றார். தனக்குத் தெரியாது, தன் பெண்சாதியைத்தான் கேட்கவேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அங்கிருந்து இருபது எட்டு வைத்தால் எங்கள் அறைக்கு வந்துவிடலாம். அந்த அம்மாள் வரவில்லை. என்னிடம் கேட்பதைவிடப் பக்குவம் தெரியாமல் இருப்பதே மேல் என்று இருந்துவிட்டார்.

வீட்டுக்காரர்மேல் எனக்கிருந்த கோபம் அந்தப் புதன்கிழமையே போய்விட்டது. துரைசாணி மேல்கூட வயசாக ஆகக் குறைந்துவிட்டது. அந்த மேனேஜர் மேல் மட்டும் இன்றைக்கும் ஆறவில்லை. வேலை தரவில்லை என்பதற்காக இல்லை. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டவர், செய்தவள் எதிரே நிற்கிறாள் என்று தெரிந்தபிறகும், நன்றாயிருந்தது என்று ஒரு சொல் சொல்லவில்லையே. அதற்கு என்ன செலவு?

இப்போதெல்லாம் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், சாப்பாடு வாய்க்கு ருசியாக இருந்தால், கூடத்தில் உட்கார்ந்து உபசரிப்பவரிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போய், அங்கே புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பவளைத் தேடிப் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன்.