கடியும் வெட்டும்

எலியக்கா என்றால்தான் ஆராய்ச்சிக் கூடத்தில் அவளைத் தெரியும். தரை துடைக்க வந்து, நான்காம் வருஷம் எலிகளைக் கையாளப் பழகி, இப்போது இருபத்துமூன்றாம் வருஷம். மூன்றாம் மாடியின் ஜன்னல் இல்லாத எலி அறையும், அங்கே தொங்கும் நோட்டும் அவள் பொறுப்பு.

எலிக்கு அடையாளம் காதில் இருக்கும். சின்ன இடுக்கியால் வலது காதோரம் ஒரு வெட்டு வெட்டினால் ஒரு வகை. இரண்டு வெட்டு என்றால் வேறு வகை. இந்த ஆராய்ச்சியில் ஒரு வெட்டு எலிகள் பன்னிரண்டும் முழுசானவை. இரண்டு வெட்டு எலிகள் பன்னிரண்டுக்கும் காவல் மரபணு கிடையாது. செல்லுக்குள் டி.என்.ஏ. உடைந்தால், 'நில், சரி செய், முடியாவிட்டால் செத்துப் போ' என்று அதட்டுவது அந்த மரபணுதான். அது இல்லாத எலிக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தால், எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்கள் உடைந்த டி.என்.ஏ.வோடேயே பெருகும். சில மாதங்களில் புற்றுநோய் வந்துவிடும்.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் எல்லா எலிகளுக்கும் கதிர் கொடுத்தார். வேறு நோய்க்குப் புழக்கத்தில் இருந்த மருந்து ஒன்றையும் கொடுத்தார். பத்தாம் மாதம், இரண்டு வெட்டு எலிகளில் நான்கு உயிரோடு இருந்தன. கூடமே குதித்தது. அதே மரபணுக் குறையோடு பிறந்து, கதிர் சிகிச்சையில் இருக்கும் ஆறு புற்றுநோயாளிகளுக்கு வெள்ளிக்கிழமை மருந்தைத் தொடங்குவது, அதை நம்பிக் கதிரின் அளவைக் கூட்டுவது என்று மருத்துவமனையோடு பேசி முடித்தாயிற்று.

எலியக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காவல் மரபணு இல்லாத எலி ஆறாம் மாதமே கூன் போட்டு மூச்சுக்குத் திணறும். இந்த நான்கும் மினுமினுவென்று கொழுத்துத் திரிந்தன.

அவளுக்குக் காரணம் தெரியும். மூன்றாம் மாதம் கணவருக்குக் கண் ஆபரேஷன். மூன்று நாள் லீவு போட்டாள். அந்த நேரம் பார்த்துக் கூண்டு அடுக்கு ஒன்று உடைந்தது. டாக்டர் வளர்ந்த ஆண் எலிகளை இடம் மாற்றி ஒன்றாகப் போட்டுவிட்டார். அவள் திரும்பி வந்தபோது கூண்டெல்லாம் ரத்தம். நான்கு எலிகளை மற்றவை தின்றுவிட்டிருந்தன. மிஞ்சியதில் நான்கிற்குக் காது கிழிந்திருந்தது. காது வெட்டுகளை எண்ணிப் பார்த்த டாக்டர், தின்னப்பட்டவை ஒரு வெட்டு எலிகள் என்று முடிவு கட்டினார். அவள் அன்றே நோட்டில் எழுதினாள்: 'காது கிழிந்தவை நான்கு. வெட்டை நம்ப வேண்டாம். வால் நுனி எடுத்து மரபணு பார்க்கவும்.' டாக்டர் கீழே கையெழுத்துப் போட்டார்; பார்த்திருப்பார் என்று அவள் நம்பினாள்.

புதன்கிழமை நோட்டோடு டாக்டர் அறைக்குப் போனாள்.

"அந்த நாலு காதையும் லென்ஸ் வெச்சுப் பாருங்க டாக்டர். இடுக்கி வெட்டுனா ஓரம் வட்டமா, வழவழன்னு இருக்கும். இது பல்லுப் பட்ட காது. ஒரு வெட்டு, ஒரு கடி. நீங்க ரெண்டையும் வெட்டுன்னு எண்ணிட்டீங்க."

"நீங்க கூண்டைப் பாருங்கக்கா. காதை நான் பாத்துக்கறேன்."

"பாத்த லட்சணம்தான் தெரியுதே!"

டாக்டர் சிரித்தார். "எலிங்களுக்கு வக்காலத்தா?"

"எலிக்கு இல்ல. அந்த ஆறு பேருக்கு. வால் நுனி பாக்க ஒரு நாள் போதும்."

"அதெல்லாம் முடிஞ்ச கதை. போங்க."

வீட்டில் கணவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் கண்ணை அறுத்த அன்னிக்கு உங்க டாக்டருக்குப் பார்வை போயிடுச்சு போல." பிறகு குரலை இறக்கினார். "உனக்கு எதுக்கு வம்பு? வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும். ஆறு பேருக்குக் கதிரைக் கூட்டிக் குடுத்துட்டு, காதுல தப்பு நடந்துடுச்சுன்னு அவங்க வீட்ல போய்ச் சொல்ல முடியுமா?"

மறுநாள் காலை நான்கு எலிகளின் வால் நுனியையும் நறுக்கி, எதிர் அறையில் மரபணு பார்க்கும் பெண்ணிடம் கொடுத்தாள். "யார் கையெழுத்துக்கா?" என்றாள் அவள். "என்னுது. திட்டு விழுந்தா என் பேரைச் சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை தாள் வந்தது. நான்கிலும் காவல் மரபணு முழுசாக இருந்தது. அது இல்லாத எலி ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான்கு கூண்டிலேயே தின்னப்பட்டன, எட்டு நோயில் செத்தன. மருந்து எதையும் காப்பாற்றவில்லை.

டாக்டர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "நாம ரெண்டு பேருமே கவனிக்காம விட்டுட்டோம்னு எழுதிடலாமாக்கா?" என்றார்.

"நாமளா?" அவள் போட்ட சத்தத்தில் எதிர் அறைக் கதவு திறந்தது. "உங்க தப்புல பாதிய அறுத்து என் தலையில கட்டுறீங்களா? ஏழு மாசத்துக்கு முன்னாடியே தேதி போட்டு எழுதியிருக்கேன். கீழ இது யார் கையெழுத்து? படிக்காமலே போட்டீங்களே!"

அந்த அறையில் ஒருநாளும் உட்காராதவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்பவே மருத்துவமனைக்கு எழுதுங்க. நான் பாக்கணும்."

டாக்டர் தட்டச்சு செய்தார். அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"'சிறு குழப்பம்'னு போட்டிருக்கீங்க. எதுக்கு 'சிறு'?"

டாக்டர் அதை அழித்தார்.

"'குழப்பம்' மட்டும் எதுக்கு? தப்புன்னு எழுதுங்க. யார் தப்புன்னும் எழுதுங்க."

எழுதினார். அனுப்பினார். இருபது நிமிஷத்தில் பதில் வந்தது: ஆறு பேருக்கும் மருந்து இல்லை, கதிர் பழைய அளவிலேயே தொடரும்.

"மன்னிச்சுடுங்கக்கா" என்றார் டாக்டர்.

"எங்கிட்ட எதுக்கு? ஆறு வீட்டுக்கும் நம்பிக்கை குடுத்தீங்களே, அங்க போய்க் கேளுங்க" என்று அவள் எழுந்தாள்.