மூன்று முறை பூக்கட்டிப் பார்த்தேன்

அண்ணாமலையானை நம்பி வாழும் உங்கள் முன்னால், நான் பெருமைப்பட ஏதுமில்லாத ஒரு விஷயத்தைச் சொல்லப்போகிறேன்.

1998 ஆடி மாதம். என் மனைவி சரோஜாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. சாப்பிட்டதும் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வாயு என்றுதான் நினைத்தோம். ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் கட்டி என்றார்கள். சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே புற்றுநோய் என்று உறுதியானது.

அறுவை மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. "முன்னல்லாம் பித்தப்பைய மட்டும் எடுப்போம். பல பேருக்குத் திரும்ப வந்துடும். இப்ப அத ஒட்டின ஈரல்லயும் கொஞ்சம் சேத்து எடுக்கிறோம். இதுல எவ்ளோ பேர் பொழைக்கிறாங்கன்னு ஒரு ஆராய்ச்சி நடக்குது. சம்மதம்னா இவங்களையும் சேத்துக்கிறோம். உறுதி மட்டும் கேக்காதீங்க சார்" என்றார்.

ஆராய்ச்சி என்ற சொல்லே என்னை முடக்கிவிட்டது. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன் நான். தவளையைப் பலகையில் மல்லாத்திக் குண்டூசி குத்திப் பிள்ளைகளுக்குக் காட்டிய கை இது. அந்தப் பலகையில் சரோஜா கிடப்பதுபோல் தோன்றியது. "சாமிகிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்று ஊருக்கு வந்துவிட்டேன்.

அடி அண்ணாமலை கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். இரண்டையும் தனித்தனி இலையில் மடித்துச் சந்நிதியில் வைத்தேன். கும்பிட வந்த ஓர் அம்மாளை எடுக்கச் சொன்னேன். வெள்ளை. மனசு ஒப்பவில்லை. மறுபடி மடித்து வைத்தேன். மறுபடியும் வெள்ளை. மூன்றாவது முறை சிவப்பு வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, "சாமி உத்தரவு குடுக்கல" என்றேன்.

மூன்று வாரம் போயிற்று. சரோஜா இளைத்துக்கொண்டே வந்தாள். காப்பாற்று, காப்பாற்று என்று தினமும் அழுதேன், வழியை நானே அடைத்துவிட்டு. ஒருநாள் காலை, எங்கள் வேங்கிக்கால் வீட்டில் காபியைக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"பூ கேட்டீங்களே, எத்தினி தபா கேட்டீங்க?"

"மூணு."

"மொத ரெண்டும்?"

"வெள்ள."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பரீட்சைல ஒரு பையன் இப்படி அடிச்சு அடிச்சு எழுதனா மார்க் போடுவீங்களா வாத்தியாரே? துணிமணிய எடுத்து வைங்க. கையெழுத்த நானே போட்டுக்கறேன்."

போட்டாள்.

ஆபரேஷன் அன்று காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 'நான் வீணாக்கிய நாட்களுக்கு அவளைத் தண்டிக்காதே, அருணாசலா.' வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. சாயங்காலம் மருத்துவர் வந்தார். "வேற எங்கயும் பரவல சார். முழுசா எடுத்துட்டோம்." அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன். அண்ணாமலையானையா, அவரையா, எனக்கே தெரியாது.

அதன்பின் ஒன்பது வருஷம் என்னோடு இருந்தாள். ஆராய்ச்சிக்கான பரிசோதனைக்குச் சென்னை போகும் நாளில் பட்டுப்புடவை கட்டிக்கொள்வாள். "நீங்க பசங்களுக்குப் பாடம் நடத்துனீங்க, நான் டாக்டருங்களுக்கு நடத்துறேன்" என்பாள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்குத்தான். திரும்பும்போது மலை கண்ணில் பட்டதும் என்னைத் தட்டி எழுப்பிவிடுவாள். அந்தப் பயணங்களை இன்றும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். 2007இல் மாரடைப்பில் போனாள். அந்த மூன்று வாரத்தை ஒருநாள்கூட அவள் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் என்னை இன்னும் அறுக்கிறது.

இப்போது சாமியிடம் நான் தைரியம் மட்டும்தான் கேட்கிறேன். கொடுக்கிறான். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் கோயிலுக்குப் போங்கள். மனசு விட்டு அழுங்கள். அழுது முடித்ததும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அங்கேயும் அவன் இருக்கிறான், நான் பார்த்தேன். துணைக்கு ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். சென்னை பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கிறது.