மேட்டு வார்டுக்கு ஒன்பது மதிப்பெண்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது பள்ளிக்கூடத்து வாத்தியார்களோடு சரி. மற்றவர்களுக்கெல்லாம் அவள் உம்கொட்டி. யாராவது கதையை ஆரம்பித்தால் குறுக்கே பேச மாட்டாள், கொட்டாவி விட மாட்டாள், "எனக்கும் இப்படித்தான்" என்று தன் கதையை நடுவில் நுழைக்க மாட்டாள். சரியான இடத்தில் ஒரு "உம்". சோகமான இடமென்றால் அதையே கொஞ்சம் நீட்டுவாள். பால்காரர் தன் சம்பந்தி வீட்டுச் சண்டையை அவளிடம் கொட்டி முடிப்பதற்குள் கேனில் பாதிப் பால் திரிந்துபோன நாளெல்லாம் உண்டு.

இப்பேர்ப்பட்டவளை நகராட்சி வேலைக்கு எடுத்தது. எல்லாம் நகராட்சியின் தலையெழுத்து.

அந்த வருடம்தான் அங்கே நல்வாழ்வுப் பிரிவு என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள். சாக்கடையை அளந்தது போதும், இனி ஜனங்களின் மனநிறைவை அளப்போம் என்பது ஏற்பாடு. மூன்று மேசை, முனகும் மின்விசிறி ஒன்று, அதிகாரி ஒருவர், நாற்பத்தொரு கேள்விகள் கொண்ட ஒரு படிவம். வீடு, தண்ணீர், தூக்கம், அக்கம்பக்கம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில், "மொத்தத்தில் உங்கள் வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்?" என்று முடிக்க வேண்டும். எந்த வார்டு குறைவாக வாங்குகிறதோ அந்த வார்டுக்கு ஒரு புது மினி பஸ்.

அவள் இருந்தது மேட்டு வார்டு. கடைவீதிக்கு இறங்க இருநூற்றுப் பதினாலு படி, திரும்பி ஏறவும் அதே கணக்குதான். சுற்றிக்கொண்டு போகும் ரோடு ஒன்று உண்டு, அதில் பஸ்தான் கிடையாது. அவள் கணவர் தையல்காரர். கடை கீழே. ஆறு மாதத்துக்கு முன் அவருடைய வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததிலிருந்து கடை பூட்டிக் கிடந்தது. வீட்டில் அளவெடுக்க ஆளில்லாமல் ஜன்னல் திரையை மூன்று தடவை பிரித்துத் தைத்துவிட்டார். பஸ் வந்தால்தான் மனுஷன் மறுபடி கத்தரிக்கோலைத் தொட முடியும்.

"நம்ம வார்டுல சிரிச்ச முகத்தையே நான் பார்த்ததில்ல. பஸ் நமக்குத்தான்," என்றார் அவர்.

மேட்டு வார்டுக்குப் படியேற யாரும் தயாராக இல்லாததால் அந்த வேலை அவள் தலையிலேயே விழுந்தது. அதிகாரி கண்டிப்பாகச் சொன்னார்: "வரிசைப்படி கேக்கணும். நடுவுல பேசக்கூடாது. அவங்க சொல்றத அப்படியே எழுதணும். உங்க வீட்டுல மட்டும் கேக்கக்கூடாது."

நடுவில் பேசாமல் இருக்க இவளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

முதல் வீடு சலவைக்கார அம்மாவுடையது. "தண்ணீர் ஒழுங்கா வருதா?" என்று கேட்டதுதான் தாமதம். தண்ணீரில் ஆரம்பித்து, துணி மூட்டையோடு படியேறுவதில் வழுக்கி, மூத்த மருமகனில் போய் விழுந்தார் அந்த அம்மா. அழுதார், மூக்கைச் சிந்தினார், நடுவில் இரண்டு தடவை சிரித்தார். உம்கொட்டி தன் வேலையைச் செய்தாள். இரண்டு மணி நேரம் கழித்துக் கடைசிக் கேள்வி வந்தது.

"ஒன்பது போட்டுக்கோம்மா," என்றார் அந்த அம்மா. "மனசு லேசாயிடுச்சு."

இப்போதுதானே படியைத் திட்டித் தீர்த்தீர்கள் என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. கேட்கக்கூடாது. விதி. ஒன்பது என்று எழுதினாள். பக்கத்து வீட்டு மின்பழுதுக்காரர் ஒன்பதரை. அதற்கடுத்த வீட்டில், மாமியாரும் மருமகளும் தனித்தனியாக அழுது தனித்தனியாகப் பத்து. சாயங்காலமானால் தையல்காரர் வாசலிலேயே நின்று, "இன்னிக்காவது யாராச்சும் ரெண்டு, மூணு போட்டாங்களா?" என்று கேட்பார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பாயில் சாய்வாள். நாள் முழுக்கக் கேட்ட காது அதற்குமேல் எதையும் உள்ளே விடாது.

முடிவு வந்தது. மேட்டு வார்டு ஒன்பதே கால், ஊரிலேயே முதலிடம். பூங்காவும் நடைபாதையும் ஏற்கெனவே ஒரு பஸ்ஸும் உள்ள ஆற்றோர வார்டு மூன்றரை. அங்கே கணக்கெடுக்கப் போனவனுக்கு ஏழு நிமிஷக்காரன் என்றே பட்டப்பெயர். கதவைக்கூட முழுதாகத் திறக்கவிடாமல் நாற்பத்தொரு கேள்வியையும் ஏழு நிமிஷத்தில் முடித்து, போகிற போக்கில், "வீட்ட கொஞ்சம் சுத்தமா வச்சுக்கலாமே" என்றும் சொல்லிவிட்டு வருகிறவன். மூன்றரை கிடைத்ததே பெரிய விஷயம்.

செய்தி கேட்ட தையல்காரர் ஜன்னல் பக்கம் போனார். திரையை நான்காவது தடவையாகப் பிரிக்க ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவள் அதிகாரியின் முன் போய் நின்றாள். அவரோ பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"காரணத்தக் கண்டுபிடிச்சுட்டேம்மா. படி. படியேறுறதுலதான் இருக்கு சந்தோஷம். எல்லா வார்டுலயும் படி கட்டணும்னு எழுதியிருக்கேன்."

"ஆத்தோரம் சமதரை, சார்."

"அதனால முதல்ல மேடு கட்டணும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். "நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே, சார். உங்ககிட்ட யாரும் கேக்கலையே," என்றாள். பிறகு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத காரியம் ஒன்றைச் செய்தாள். கடைசிக் கேள்வியை முதலில் கேட்டாள்.

அதிகாரி கூரையைப் பார்த்தார். "நாலு," என்றார்.

எழுதினாள். அப்புறம் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். தூக்கம் பற்றிய கேள்விக்கு வரும்போதே அவர் சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டார். அக்கம்பக்கத்துக்கு வரும்போது, ஸ்கூட்டரை இரவல் வாங்கிய மச்சான் அதை இரண்டு வருடமாகத் திருப்பித் தராதது வெளியே வந்தது. தலைமை அலுவலகத்தில் தன்னை எல்லோரும் "சந்தோஷம் சார்" என்று கூப்பிட்டுச் சிரிப்பதையும் சொல்லித் தீர்த்தார். வந்த டீ இரண்டு தடவை ஆறிப்போனது. முடிவில் மறுபடி கேட்டாள்: "இப்ப எத்தனை, சார்?"

"ஒன்பது. ஒன்பதரையே போடுங்க."

அவள் படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். மேலே நாலு. கீழே ஒன்பதரை.

"இதுக்கு நடுவுல நீங்க ஒரு படிகூட ஏறல, சார்."

அவர் நாலையும் ஒன்பதரையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மேடு கட்டும் அறிக்கையை எடுத்து நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நல்ல மனுஷன். எல்லா அதிகாரிகளும் அப்படிப் போட்டுவிடுவதில்லை.

படிவத்தைத் திருத்தினார்கள். கடைசிக் கேள்வி முதல் கேள்வியானது. ஆட்களையும் மாற்றி அனுப்பினார்கள். ஆற்றோரத்துக்கு அவள் போனாள். ஜனங்கள் வாய் திறக்குமுன் கேட்டதில் யோக்கியமான ஏழு வந்தது. ஏழு நிமிஷக்காரன் மூச்சிரைக்க மேட்டு வார்டுக்கு ஏறி, வழியில் இரண்டு தடவை உட்கார்ந்து, அவர்களுடைய இரண்டேகால் மதிப்பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தான். பஸ் மேட்டு வார்டுக்கு என்று முடிவானது.

அந்தப் படிவங்களை அடுக்கும்போதுதான் தன் வீட்டுக் கதவிலக்கத்தைப் பார்த்தாள். மதிப்பெண் ஒன்று. புரட்டினாள். "மனம் விட்டுப் பேச வீட்டில் ஆள் உண்டா?" என்ற கேள்விக்கு, ஏழு நிமிஷக்காரனின் கோழிக் கிறுக்கல் கையெழுத்தில் இப்படி இருந்தது: "இருக்கா. ஊரே பேசி முடிச்ச பிறகு என் முறை வரும். அதுக்குள்ள அவ அசந்துடுவா."

அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். ஊரில் இத்தனை வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தவள் தன் வீட்டில் ஒரு நாளாவது உட்கார்ந்தாளா? தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எஞ்சிய படிவங்களை அடுக்கினாள்.

பஸ் வந்த முதல் நாள் லீவு போட்டாள். தையல்காரர் துணிப்பையும் சாவிக்கொத்துமாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். சலவைக்கார அம்மா ஓடிவந்து, "தள்ளி உக்காரும்மா, மருமகன் நேத்து என்ன பண்ணினான் தெரியுமா," என்றார்.

"நாளைக்கு வரேன்மா. இன்னிக்கு இவர் பேசுறாரு," என்றாள் அவள்.

பஸ் கிளம்பியது. தையல்காரர் தொண்டையைச் செருமினார். இத்தனை மாதமாகக் காத்திருந்து கிடைத்த முறை. மனுஷனுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. முதல் வளைவு போனது. இரண்டாவது வளைவும் போனது.

"தினம் பதினோரு மணிக்கு நம்ம ஜன்னல்ல ஒரு பூனை வருது," என்றார் கடைசியில். "உனக்குத் தெரியாது. நீ இருக்க மாட்டே."

"என்ன நிறம்?" என்றாள்.