டானிக்கை மருந்தென்று நினைக்கவில்லை

அன்று பிச்சாட்டூர் வீட்டில் நானும் அம்மாவும் மூன்று வயது மகளும்தான் இருந்தோம். மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். குழந்தையின் முதுகெல்லாம் சிவப்புத் தடிப்பு.

"அம்மை போட்டுக்கீதுடா. மருந்து கிருந்து குடுத்துடாத" என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். இருந்தும் தலையாட்டினேன். தெம்புக்கென்று, இரண்டு நாள் முன்பு நானே கடையில் வாங்கி ஊட்டத் தொடங்கியிருந்த வைட்டமின் டானிக்கை மட்டும் நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. திருப்பதி போய்ச் சேரும்வரை, "கண்ணத் தொறடி தாயி" என்று கெஞ்சிக்கொண்டே போனேன்.

"என்ன மருந்து கொடுத்தீங்க?"

"எதுவும் இல்ல சார், டானிக்தான்."

"அது மருந்து இல்லாம சாம்பாரா?" என்று கத்தினார் டாக்டர்.

அது அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல்தான் தடிப்பும் வீக்கமும் வந்தனவாம்; அம்மையே இல்லையாம். ஊசி போட்டுக் காப்பாற்றினார்.

இப்போது தடிப்பு கண்டால், அம்மா வேப்பிலை ஒடித்து வருவதற்குள், குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுகிறேன்.