பாலம் தாண்டினால் திறக்காது

போகுமிவாவின் கடை நீசா ஆற்றின் கிழக்குக் கரையில், போலந்துப் பக்கம் இருக்கிறது. நான் குடியிருப்பது மேற்குக் கரை, ஜெர்மனி. ரொட்டிக்கும் முடிவெட்டவும் பாலத்தை நடந்தே கடப்போம். கணினி விளையாட்டு அவர் கடையில் மலிவு என்பதால் அதற்கும் அங்கேதான் போவோம்.

ஒரு சனிக்கிழமை, எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் லோத்தர், ரயில் ஓட்டும் விளையாட்டின் பெட்டியை போகுமிவாவின் மேசையில் வீசினார். ஆறேழு பேர் நின்றிருந்தோம்.

"ஏம்மா, போலிய வித்துட்டுச் சிரிச்சுக்கிட்டு வேற நிக்கிறீங்க! பெட்டிக்குள்ள இருக்கிற எண்ணைக் கணினியில தட்டினா விளையாட்டு திறக்கவே மாட்டேங்குது."

போகுமிவாவின் முகம் சிவந்துவிட்டது. "இருபது வருசக் கடை ஐயா இது. போலின்னு ஒருத்தர் சொன்னதில்ல. வாங்க உங்க வீட்டுக்கு. என் கண்ணு முன்னாடி தட்டுங்க."

கோட்டுகூட மாட்டாமல் பாலம் ஏறினார். லோத்தரின் கணினியில், 'உங்கள் நாட்டில் இதைத் திறக்க இயலாது' என்று வந்தது. போகுமிவா அதைப் படம் பிடித்துக்கொண்டார். லோத்தரோடு கடைக்குத் திரும்பி, அதே விளையாட்டின் இன்னொரு பெட்டியைப் பிரித்துத் தட்டினார். உடனே திறந்தது.

"பொருள் நல்லதுதான். உங்க பக்கம் திறக்கக் கூடாதுன்னு தயாரிச்சவங்களே பூட்டி வச்சிருக்காங்க."

"ஐரோப்பா பூரா ஒரே சந்தைன்னாங்களே?" என்றார் லோத்தர்.

"ரொட்டிக்கு மட்டும் போல!"

லோத்தர் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். அன்றே வாசலில் ஜெர்மன் மொழியில் ஓர் அட்டை தொங்கியது: 'இங்கே வாங்கும் விளையாட்டு பாலம் தாண்டினால் திறக்காது.' அந்நிய ஊரில் எந்தக் காகிதத்தையும் மூன்று முறை படித்தும் நம்பாத நான், அதை ஒரே முறை படித்து நம்பினேன்.

மறுவாரம் அவருக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரி தொலைபேசியில் வந்தார். "அட்டைய எடுங்க, வியாபாரம் கெடுது. இல்லன்னா சரக்கு வராது."

"திறக்காதுன்னு தெரிஞ்சே விக்கச் சொல்றீங்களா தம்பி? வராட்டிப் போகட்டும்."

சரக்கு நின்றது. போகுமிவா லோத்தரின் கணினியில் எடுத்த படத்தை ஒரு கடிதத்தோடு பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்ட அதிகாரிகளுக்கு அனுப்பினார். பிறகு நான்கு வருடம் கைபேசி பழுது பார்த்துக் கடையை ஓட்டினார். லோத்தர் எங்கள் தெருவில் உடைந்த கைபேசிகளையெல்லாம் பையில் போட்டுச் சுமந்து வருவார்.

"நல்லா இருக்கிறதையும் நீங்களே உடைச்சுக் கொண்டு வர்றீங்களோ?"

"ரெண்டே ரெண்டு மட்டும்!"

ஒரு குளிர்காலத்தில் பிரஸ்ஸல்ஸிலிருந்து தீர்ப்பு வந்தது. நாடுவாரியாகப் பூட்டியது சட்டவிரோதம், நிறுவனங்களுக்கு அபராதம். போகுமிவாவின் கடிதத்துக்கு அதில் பங்கு உண்டா என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு ஒரு வரிப் பதிலும் வரவில்லை. ஆனால் மொத்த வியாபாரி மறுபடியும் அழைத்து, சரக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"அனுப்புங்க. பாலம் தாண்டியும் திறக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க."

தாள் வந்தது, சரக்கும் வந்தது. அப்போதும் போகுமிவா அதை அலமாரியில் அடுக்கவில்லை. ஒரு பெட்டியோடு மேற்குக் கரைக்கு நடந்து வந்து, என் வீட்டு மேசையில் உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். திறந்தது.

"இனிமே விக்கலாம்," என்று எழுந்தார்.