கதவுப்பிடியில் கை வைத்த பிறகு

அன்ஸ்காருக்கு உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று பெற்றவளே சொல்லியிருக்கிறாள். விடிந்ததும் ஆடுகளுக்குத் தீனி, பிறகு பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவது, திரும்பி வந்து வேலி, மதியத்துக்கு மேல் மறுபடி பேருந்து. அதற்கப்புறமாவது உட்காருவானா என்றால், முற்றத்தில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். காபியைக்கூட ஜன்னலோரம் நின்றபடிதான் குடிப்பான். ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அவன் வீட்டு நாற்காலிகளில் தூசிதான் உட்கார்ந்திருந்தது.

ஸ்கார்வ்தால் ஊராட்சியில் அந்த மலைக்குக் கிழவி என்று பெயர். அவள் தலையில் ஒரு பெரும்பாறை பிளந்து, விழவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்தால் நகரும், குளிர் இறுகினால் நின்றுவிடும். எங்கிருந்தோ வந்த ஆட்கள் கருவிகளை நட்டு, அவள் எவ்வளவு நகர்கிறாள் என்று அளந்துகொண்டே இருந்தார்கள். அளவு கூடினால் ஊராட்சியிலிருந்து கைபேசிக்குச் செய்தி வரும். அடிவாரத்து வீட்டுக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். ஆடுகளை லாரி வந்து ஏற்றிப் போகும். தரை உறைந்ததும் எல்லாரும் திரும்பி வரலாம். நாலு வருஷமாக இலையுதிர் காலம் வந்தால் இதே கூத்துதான். கைக்குழந்தையோடு அலைந்தவர்கள் உண்டு, காய்ச்சலோடு அலைந்தவர்கள் உண்டு. விழுந்து தொலையட்டும் என்று அடிவாரமே வேண்டிக்கொண்டது.

விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டவன் அன்ஸ்கார் ஒருவன்தான்.

அது ஏன் என்று சொல்ல, எங்கள் பள்ளத்தாக்கின் ஒரு வியாதியைச் சொல்லியாக வேண்டும். இங்கே காரியம் இல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. ஒரு கொட்டகை தீப்பிடித்தால் ஊரே வாளியோடு ஓடி வரும். சும்மா எட்டிப் பார்க்க ஈ காக்கை வராது. ஏணி இரவல் வேண்டும், தொலைந்த ஆட்டைக் கண்டீர்களா என்று கேட்க வேண்டும், அப்படி ஏதாவது கையில் இருந்தால்தான் அடுத்தவர் கதவைத் தட்டலாம். தட்டியதும் அதைச் சொல்லிவிடவும் கூடாது. கால்மிதியில் நின்றபடி மழையைப் பற்றிப் பேச வேண்டும். உட்காருங்கள் என்றால் வேண்டாம் என்க வேண்டும். காபி என்றால் இப்போதுதான் குடித்தேன் என்க வேண்டும். கிளம்புகிறவனைப் போலக் கதவுப்பிடியில் கை வைத்த பிறகுதான், “அப்புறம், அந்த ஏணி…” என்று ஆரம்பிக்கலாம். அன்ஸ்காரின் அப்பா இதில் கரை கண்டவர். காரியமில்லாமல் வருகிறவன் ஒன்று மதம் பரப்ப வந்தவன், இல்லை மூளை பிசகினவன் என்பார்.

அந்த வீட்டில் வளர்ந்தவன் வேறு எப்படி இருப்பான்? இருபத்தைந்து வயதில் பால் பண்ணையில் வேலை பார்த்த ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. அவள் வீட்டுக்குப் போக ஒரு காரியம் கிடைக்குமா என்று வசந்தம் வசந்தமாகத் தேடினான். கிடைப்பதற்குள் அவள் இன்னொருவனைக் கட்டிக்கொண்டு த்ரோண்ட்ஹைம் நகரத்துக்குப் போய்விட்டாள். கட்டிக்கொண்டவன் முதல் தடவை அவள் வீட்டுக்கு வந்தது சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு கேட்டு. அன்ஸ்காரிடம் பம்பு இருந்தது. அதுதான் அவன் தலையெழுத்து.

முதல் தடவை ஊரைக் காலி செய்தபோது மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். அன்ஸ்காருக்கு அக்கம்பக்கத்தில் சொந்தம் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் யோருன் என்ற விதவை, மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது, யாரையாவது அனுப்புங்கள் என்று ஊராட்சியில் சொல்லி வைத்திருந்தாள். கடையில் இருபது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. மகன் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றில். நாக்கு மட்டும் கூர் மழுங்காமல் இருந்தது.

அன்று பையும் கையுமாகக் கால்மிதியில் நின்றவன் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

“மழையாலதானே வந்திருக்கீங்க, எனக்குத் தெரியாதா?” என்றாள் யோருன். “உங்கள ஊராட்சியே அனுப்பியிருக்கு. இன்னும் என்ன வெக்கம்? உள்ள வாங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் கையில் அரசாங்க முத்திரை குத்திய காரியம் இருந்தது. உள்ளே போனான்.

உட்காரத் தெரியாதவன் அல்லவா? முதல் வாரத்திலேயே கதவுக் கீல், கூரை ஓரத்துத் தகரம், மாடிப்படியின் ஆடிய பலகை, எல்லாவற்றையும் சரிசெய்தான். அடுத்த வருஷம் சரிசெய்ய ஒன்றும் மிச்சம் இல்லாததால் விறகு பிளந்தான். அடுக்கு உயர்ந்து உயர்ந்து சமையலறை ஜன்னலை மறைத்தபோது யோருன் வெளியே வந்து இடுப்பில் கை வைத்தாள்.

“நான் சாகுற வரைக்கும் எரிக்க இது போதும். அதுக்கப்புறம் எனக்கு விறகு வேணாம். கோடாலிய வச்சிட்டு வந்து உக்காருங்க.”

வந்து உட்கார்ந்தான். அவள் மேசையின் அந்தப் பக்கம் பின்னிக்கொண்டிருந்தாள். வானொலி ஏதோ முனகியது. வாஃபிள் அப்பமும் பழுப்புச் சீஸும் தட்டில் இருந்தன. ஒரு மணி நேரம் கழித்துத்தான், தான் இன்னும் உட்கார்ந்திருப்பது அவனுக்கே தெரிந்தது. கால் துடிக்கவில்லை. ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று தோன்றவில்லை. சந்தோஷம் என்று அவன் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அப்படிப் பெயர் வைத்துப் பழக்கம் இல்லை. ஆனால் அது சந்தோஷம்தான்.

அதற்குப் பிறகு, தரை உறைந்து வீடு திரும்பினால் நிலைகொள்ளாது. பேருந்து அவள் வீட்டைத் தினமும் நாலு தடவை கடந்து போகும். அவன் கை தூக்குவான், ஜன்னலில் அவள் கை தூக்குவாள். அவ்வளவுதான் நியாயம். நிறுத்த ஒரு காரியம் வேண்டுமே. வருஷம் முழுக்கக் கிழவியைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். கோடையில் ஒரு கல் உருண்டால் மனசு துள்ளும். அடுத்த நிமிஷமே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையும் பக்கத்து வீட்டுக்காரி நினைவுக்கு வருவாள். நான் மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொள்வான். பை மட்டும் எப்போதும் வாசலில் தயாராக இருந்தது.

மூன்றாம் வருஷம் அவமானப்பட்டான். ஒரு வாரம் விடாத மழை. மேலே கற்கள் உருளும் சத்தம். இனி செய்தி வந்தே தீரும் என்று, வருவதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து யோருன் கதவைத் தட்டிவிட்டான்.

அவள் தன் கைபேசியைப் பார்த்தாள். “செய்தி வரலையே.”

“வரும்,” என்றான்.

இருவரும் காத்திருந்தார்கள். அவன் கால்மிதியில், அவள் அடுப்பருகில். செய்தி வரவில்லை. மழை நின்றது. அதுவும் போதாதென்று வெயிலே வந்துவிட்டது.

“வெயில் வந்துடுச்சு,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். பிடரியெல்லாம் எரிந்தது.

மறுநாள் கடையில் ஓட்வார் காத்துக்கொண்டிருந்தான். ஊராட்சியில் சாலை, தண்ணீர், ஆபத்து எல்லாம் பார்க்கிறவன் அவன்தான். அன்ஸ்காரோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

“என்னடா, மலை நகர்றதுக்கு முன்னாடி நீ நகர்ந்துட்டியாமே?”

கடையே சிரித்தது. செத்தாலும் இனி செய்தி வராமல் பாலம் தாண்டுவதில்லை என்று அன்ஸ்கார் அன்றைக்கே முடிவு செய்தான்.

நாலாம் வருஷம் செப்டம்பரில் செய்தி வந்தது, அவனும் போனான். ஒரு சாயங்காலம் யோருன் மீன் வடைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் மேசையருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். தட்டுகள் முதலில் நடுங்கின. பிறகு சத்தம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே அடிவாரம் முழுக்கத் தூசியில் மறைந்தது. தூசி அடங்கியபோது கிழவிக்குத் தலை இல்லை. கற்குவியல் அவன் மேல்வேலிக்கு வெகுதூரம் முன்பே நின்றிருந்தது. வீடுகள் எல்லாம் பத்திரம்.

“முடிஞ்சுது,” என்றாள் யோருன்.

“ஆமா,” என்றான். உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டான்.

மீன் வடை ஒரு பக்கம் கருகிப்போயிருந்தது. இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

மறுநாள் சமுதாயக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். கண்ணீர் விட்டவர்கள்கூட உண்டு. ஓட்வார் பெரிய துண்டாக ஒன்றை அன்ஸ்கார் கையில் திணித்தான். “எல்லாரும் சிரிக்கிறாங்க. உன் மூஞ்சியப் பாத்தா கிழவி உன் தலையில விழுந்த மாதிரி இருக்கு.” அன்ஸ்கார் கேக்கைத் தின்றான்.

பையை எடுக்கப் போனபோது யோருன் வாசல் வரை வந்தாள். எங்கள் ஊரில் பிரியும்போது ‘இப்போதைக்கு நன்றி’ என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அவளும் அப்படித்தான் சொல்வாள். அன்றைக்கு “நன்றி, அன்ஸ்கார்” என்றாள், அவ்வளவுதான். அந்த ‘இப்போதைக்கு’ எங்கே போயிற்று என்று பாலம் முழுக்க யோசித்துக்கொண்டே நடந்தான்.

வீட்டில் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது, வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு அதில் இல்லை. அவள் சமையலறை அடுப்பருகிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

முதலில் குதூகலமாக இருந்தது. இதோ ஒரு காரியம்! சட்டையைப் பாதி மாட்டிக்கொண்டு கிளம்பியவன் முற்றத்திலேயே நின்றுவிட்டான். செருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால்? அதற்கப்புறம் அந்த வீட்டில் அவனுடையது என்று ஒன்றும் இருக்காது. மிச்சமிருக்கும் ஒரே காரியம், எல்லாவற்றையும் முடித்து வைக்கிற காரியமாக அல்லவா இருக்கிறது?

அக்டோபர் முழுக்க அவன் பட்ட பாடு நாய் படாது. மதியம் பாலம் வரை நடப்பான், திரும்புவான். திரும்பியவன் மறுபடி நடப்பான். குளிர்காலத்துக்கு வெட்டிய ஆட்டில் ஒரு தொடையைக் கொண்டுபோனால் என்ன? காரணமில்லாமல் இறைச்சி கொடுத்தால் அவள் பதிலுக்கு என்ன கொடுப்பது என்று தவிப்பாள். ஏணி கேட்கலாமா? அவனிடம் ஏணி இருப்பது ஊருக்கே தெரியும், அவள் வீட்டுத் தகரத்தைச் சரிசெய்ததே அதில் ஏறித்தான். பேருந்திலிருந்து கை தூக்கினான். அவளும் தூக்கினாள். அதுதான் பெரிய கொடுமையாக இருந்தது.

ஒருநாள் பாலத்தின் நடுவில் ஓட்வார் வண்டியை நிறுத்தினான்.

“இங்க என்னடா பண்ற?”

“ஆத்துல தண்ணி எவ்வளவு போகுதுன்னு பாக்குறேன்.”

“நல்லாப் பாரு. ஓடிறப்போகுது.” ஓட்வார் கண்ணாடியை ஏற்றப்போனவன் நிறுத்தினான். “கேட்டியா? யோருன் மாடி அறைய வாடகைக்கு விடப்போறாங்களாம். புது டீச்சருக்கு. கடைப் பலகையில எழுதி ஒட்டச் சொல்லியிருக்காங்க.”

வண்டி போய்விட்டது. அன்ஸ்காருக்கு இனி நடக்கப்போவது தெரிந்தது. அறையைக் காலி செய்வாள். அடுப்பருகே கிடக்கும் செருப்பைப் பையில் போட்டு, ஒருநாள் பேருந்து நிற்கும்போது ஜன்னல் வழியே கொடுத்துவிடுவாள். நன்றி, அன்ஸ்கார். இந்தப் பக்கம் போனால் வீடு, அந்தப் பக்கம் போனால் அவள். வெறுங்கையைப் பார்த்தான். இந்தத் தடவை திரும்பவில்லை.

கதவைத் திறந்தவள் அவன் கையைத்தான் முதலில் பார்த்தாள். பை இல்லை.

“போன தடவைக்கு நன்றி,” என்றான், முறைப்படி.

“உங்களுக்கும் நன்றி.” அவள் உள்ளே போய்ப் பின்னலைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவன் கதவைச் சாத்தாமலே கால்மிதியில் நின்றான்.

“நாளைக்குப் பனி விழும்போல.”

“விழும். ஆடெல்லாம் நல்லாருக்கா?”

“கொழுத்திருக்கு.”

“உக்காருங்க.”

“வேணாம். நிக்கிறேன்.”

“காபி?”

“இப்பத்தான் குடிச்சேன்.”

சுத்தப் பொய். காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. அவன் கண் அடுப்புப் பக்கம் போனது. செருப்பு அங்கேதான் இருந்தது. பெருவிரல் இடத்தில் இருந்த ஓட்டையைச் சிவப்பு நூலால் யாரோ அடைத்திருந்தார்கள். யாரோ என்ன, அவள்தான்.

பேச்சு தீர்ந்துவிட்டது. அவன் கதவுப்பிடியில் கை வைத்தான். யோருன் பின்னலை மடியில் இறக்கினாள். இனி காரியத்தைச் சொல்லியாக வேண்டும். பள்ளத்தாக்கின் சட்டம் அது.

அவன் சொல்வதற்குள் அவளே பேசினாள்.

“செருப்புக்குத்தானே வந்தீங்க? இருங்க, எடுத்துத் தரேன்.” எழுந்துவிட்டாள்.

ஒரு ‘ஆமா’ போதும். மானம் தப்பிவிடும். அப்பா இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

“இல்ல,” என்றான்.

அவள் நின்றாள். “ஏணி வேணுமா?”

“எங்கிட்ட ரெண்டு இருக்கு.”

“யாராவது தவறிட்டாங்களா?”

“இல்லையே.”

“பின்ன என்ன விஷயமா வந்தீங்க?”

கால் ஓடச் சொன்னது. பாலமும் கடையும் ஓட்வாரின் சிரிப்பும் கண்ணுக்கு முன் வந்து போயின.

“ஒரு விஷயமும் இல்ல, யோருன்,” என்றான். “சும்மாதான் வந்தேன்.”

எங்கள் பள்ளத்தாக்கில் இந்த வார்த்தையை ஒருவர் வாயால் கேட்டவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா, எனக்குத் தெரியாது. யோருனுக்குக் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்தது. ஜன்னல் வழியே தலையில்லாத மலையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“சும்மாவா?”

“சும்மாதான்.”

அவள் அடுப்பருகே குனிந்து செருப்பை எடுத்து வந்தாள். கையில் கொடுக்கவில்லை. கால்மிதிக்கு உள்பக்கம், முனை மேசையைப் பார்த்திருக்கும்படி, தரையில் வைத்தாள்.

“அப்ப அந்தக் கதவச் சாத்துங்க,” என்றாள். “வீடு சில்லிட்டுப் போகுது.”