விரலைக் காட்டினால்தான் தேநீர்

டுசெகிலே, தான்சானியாவில் எங்கள் ருங்வே மலையில் தேயிலை பறித்தவளின் மகள். தாருஸ்ஸலாமுக்குப் போய் டாக்டருக்குப் படித்தாள். படித்தவர்கள் நகரத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். இவள் சர்க்கரை நோயைத் தேடி ஊர் ஊராக அலைந்தாள். ஏரிக்கரையில் மீன்காரர்களின் இடுப்பை அளந்தாள். சந்தையில் வாழைக்காய் விற்கிறவர்களின் விரலில் குத்தினாள். மின்சாரம் இல்லாத வீட்டில் இன்சுலின் கெடாமல் இருக்க, பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணலைக் கொட்டி, ஒரு வருஷம் சூடு அளந்து எழுதினாள். பெரிய படிப்பாளிகளெல்லாம் அதைப் படித்தார்களாம். பானை குளிரும் என்று நானே சொல்லியிருப்பேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

நாற்பது வயதில் எங்கள் ஊருக்கே கணக்கெடுக்க வந்தாள். எத்தனை பேருக்கு நோய் என்ற சரியான கணக்கு இரண்டே நாளில் மேலிடத்துக்குப் போனால், ஊர் மருந்தகத்தில் வாரம் ஒருநாள் சர்க்கரை வைத்தியம் வரும். தவறினால் அது அடுத்த மலைக்குப் போய்விடும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் காலையில் சர்ச் வாசலுக்கு வரவேண்டும் என்று ஊர்த்தலைவர் கஸ்யூபா மூலம் சொல்லி அனுப்பினாள்.

ஒருவரும் சாப்பிடவில்லை. ஆனால் எங்கள் பக்கம் ஜூலைதான் குளிர்காலம். பனியில் நடந்து வந்தவர்களை வாய் நனைக்காமல் நிற்க வைக்கலாமா? சர்ச்சுக்குக் கீழேதான் என் வீடு. பெரிய பானையில் பால் விட்டுத் தேநீர் காய்ச்சினேன். மதிக்கிற ஆளுக்குக் கோப்பைக்கு நாலு கரண்டி சர்க்கரை, அது எங்கள் பக்கத்து வழக்கம். குறைந்தால் ஊரெல்லாம் போய்ச் சொல்வார்கள்.

மேலே நர்ஸ் சுபிரா பதறினாளாம். "டாக்டரம்மா, முப்பது பேரைக் குத்தினதுல இருபத்தஞ்சு பேருக்கு ஏறிக் கெடக்கு!"

"இது தேயிலை மலையா, கரும்புக் காடா?" என்று கஸ்யூபா சிரித்தாராம்.

டுசெகிலே சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு கிழவரின் மீசையில் பால் நுரையைப் பார்த்தாள். நேராக என் அடுப்படிக்கு இறங்கி வந்தாள்.

"பெரியம்மா, என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? உன் ஜனங்களுக்கு உசுரு குடுக்கிறேன்."

"சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேனே!"

"யாருடி சாப்பிட்டா? டீ என்ன சாப்பாடா? சாப்பாடுன்னா மெல்லணும்."

"நாலு கரண்டி சர்க்கரை பெரியம்மா!"

"அஞ்சு போட்டிருப்பேன், டப்பா காலியாயிடுச்சு."

தலையில் கை வைத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இது பொய்க் கணக்கு. இதக் குடுக்க மாட்டேன். நாளைக்கு எல்லாரும் வெறும் வயித்தோட திரும்பி வரணும். வரலைன்னா வைத்தியமே வராது. நீங்க அடுப்பு மூட்டாதீங்க."

"என் வாசல்ல ஜனங்க நடுங்குறத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? உங்கம்மா இருந்தா உன்னை உதைச்சிருப்பா. மூட்டுவேன்."

"பெரியம்மா..."

"மூட்டுவேன். ஆனா குத்துன விரலைக் காட்டினாதான் கோப்பை. போதுமா?"

எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் தேநீர் வாசனை மலையடி வரைக்கும் போனது. முதல் நாள் ஊசிக்குப் பயந்து வராதவர்களும் வந்தார்கள். கஸ்யூபா கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே கோப்பை கேட்டார்.

"விரலு?"

"தலைவர்கிட்டயே விரலு கேக்குறியா?"

"தலை தெரியுது. விரலைத்தான் காணோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவரே மேலே ஏறிப் போனார்.

எண்பத்து மூன்று பேரில் பன்னிரண்டு பேருக்குத்தான் நோய். அந்தப் பன்னிரண்டில் கஸ்யூபா ஒருவர், நான் ஒருத்தி. அன்று என் கோப்பையை டுசெகிலேதான் ஊற்றிக் கொடுத்தாள், சர்க்கரை இல்லாமல். வேப்பங்கஷாயம் தோற்றுப்போகும். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தேன்.

கணக்கு நேரத்துக்குப் போனது, வைத்தியமும் வந்தது. அதற்குப் பிறகு அவள் எத்தனையோ மலை ஏறிவிட்டாள். எந்த ஊருக்குப் போனாலும் மேசை போடுவதற்கு முன்னால், இங்கே தேநீர் காய்ச்சுவது யார் என்று விசாரிக்கிறாளாம். பேசி முடித்துவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறாள்.

இங்கே வியாழக்கிழமைதோறும் மருந்து கொடுக்கிறார்கள். கஸ்யூபா தலைவர் என்று சொல்லி வரிசையில் எனக்கு முன்னால் நுழையப் பார்ப்பார். நான் விடுவதில்லை.